இருநூற்று எண்பத்தாறு மீட்டர்

காவலாளி காட்டிய நாற்காலியில் உட்காருவதற்குள் மாசிலாமணி அந்த நடைவழியை அளந்து முடித்திருந்தார். கண்ணாடிக் கதவிலிருந்து தீயணைப்பு சிலிண்டர் வரை பதினெட்டுத் தப்படி. அவருடைய தப்படி எழுபத்தைந்து சென்டிமீட்டர். இருபத்தாறு வருஷம் சர்வேயராக வரப்பிலும் முள்ளிலும் நடந்து இறுகிப்போன தப்படி, கூடாது, குறையாது. ஆக, பதின்மூன்றரை மீட்டர். போய்த் திரும்பினால் இருபத்தேழு. பத்துத் தடவை போய்த் திரும்பினால் இருநூற்று எழுபது. அதற்கு மேல் ஒரு தடவை அந்தக் கோடிவரை போய், திரும்பி மூன்று தப்படி வைத்தால், ஆஸ்பத்திரியில் மகன் நித்திலன் நடந்து நின்ற தூரம். அந்த இடத்தில் இப்போது ஒரு நீலக் குப்பைக்கூடை இருந்தது. எங்கே போனாலும் இந்தக் கணக்கு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. போன மாதம் மறைமலை நகரில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை போடுகிறவனைப் பார்த்துக்கொண்டே, இலைக்கு இரண்டடி என்று போட்டு, பிள்ளை எத்தனையாவது இலையில் நின்றிருப்பான் என்று தேடினார். அந்த மண்டபத்தில் அவ்வளவு இலை இல்லை. அதில் ஏனோ ஒரு சின்ன ஆறுதல் இருந்தது, பாயசம் வருகிறவரைக்கும். “சாருக்கு டீ சொல்லவா?” என்றார் காவலாளி. “இன்னிக்கு டீ மட்டுந்தான் சார். நல்ல சேதின்னா கேக் வரும். முன்ன ஒருதரம் வந்துச்சே, மருந்து குடுத்த எலிக்கு நல்லாயிடுச்சுன்னு. எனக்கும் ஒரு துண்டு குடுத்தாங்க. எலி பேர்ல கேக் வெட்டுன கம்பெனி உலகத்துலயே இது ஒண்ணுதான்.” மாசிலாமணி சிரித்தார். முகம் மட்டும் சிரித்துவிட்டுத் திரும்பவும் தன் இடத்துக்கு வந்தது. மணி பத்து ஐம்பது. உள்ளே கம்பெனியும் அறக்கட்டளையும் சேர்ந்த கூட்டம் தொடங்கிவிட்டது. டாக்டர் பேசி முடித்ததும், பதினொன்றரைக்கு அவரைக் கூப்பிடுவார்கள்.

கீழே லேத் பட்டறை. இரும்பு சீவுகிற சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் காலில் நடுங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இப்படி ஒரு கட்டடம், கீழே போல்ட் நட்டு, மேலே பிள்ளைகளுக்கு மருந்து என்றால், முதல் தடவை வந்தபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. பதினான்கு பேர் வேலை செய்கிற கம்பெனி. பெரிய கம்பெனிகள் இந்த நோய் பக்கம் வருவதில்லை, கூட்டம் சேராத நோய். ஆண்பிள்ளைகளுக்கு வருவது, நாலு வயதில் மாடிப்படியில் கைப்பிடியைத் தேடும், பத்துப் பன்னிரண்டில் காலை எடுத்துக்கொள்ளும், பிறகு கை, கடைசியில் மூச்சு. தசைச் சிதைவு என்று டாக்டர் தமிழில் சொன்னபோது அது நோயின் பெயர் மாதிரி இல்லை, யாரோ ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது. தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்யும் பெனடிக்ட் அண்ணாச்சியின் ஒரே மகன் ஆல்வின் பத்தொன்பது வயதில் மூச்சு முடிந்து போனான். அவன் பெயரில் அண்ணாச்சி அறக்கட்டளை தொடங்கி, இதே நோய் உள்ள பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நித்திலனுக்கு ஒன்று வேண்டியிருக்கும் என்று தெரிந்து மனு எழுதிக்கொண்டு போனவர்தான் மாசிலாமணி. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று அறக்கட்டளைக்குச் செயலாளராகவே ஆக்கிவிட்டார் அண்ணாச்சி. பிறகு ஒரு ஆண்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. “நாற்காலி வாங்கிக் குடுத்தா பிள்ள உக்காருவான். மருந்து வாங்கிக் குடுத்தாத்தான எந்திப்பான்?” அறக்கட்டளைக் காசை இந்தக் கம்பெனியில் போடலாம் என்றார். தர்மம் பண்ண வந்த இடத்தில் ஷேர் வாங்கவா என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டதற்கு, “தானம் குடுத்தவன் கும்பிட்டுட்டுப் போயிரணும். பங்குக்காரன்னா உள்ள உக்காந்து கேள்வி கேக்கலாம், என்னவே? நம்ம பிள்ளைங்க விஷயம், நாம கேக்காம யாரு கேப்பா?” என்றார். கம்பெனியின் இயக்குநர் குழுவில் அறக்கட்டளை சார்பாக ஒரு ஆள் உட்காரலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அந்த ஆள் யார் என்று பேச்சு வந்தபோது அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. “நம்ம சர்வேயரு இருக்காருல்ல. அளவுக்காரன் பொய் சொல்ல மாட்டான்.”

பொய் சொல்லவில்லை என்று மாசிலாமணி குப்பைக்கூடையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். கூட்டத்தில் அன்றைக்குச் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் தொண்டையில் நிற்கிறது. பொய்யாக இருந்திருந்தால் துப்பிவிட்டிருக்கலாம். பரிசோதனையில் சேரும் பிள்ளை ஆறு நிமிஷத்தில் குறைந்தது முந்நூறு மீட்டர் நடக்க வேண்டும் என்று கம்பெனியின் டாக்டர் யாமினி விதி எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரி நடைவழியில் இருபத்தைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சுக் கூம்பு வைத்திருப்பார்கள். பிள்ளை ஓடக் கூடாது, நடந்து போய்த் திரும்ப வேண்டும், ஒரு நர்ஸ் கூடவே எண்ணிக்கொண்டு போவாள். ஏன் முந்நூறு என்று அவர் கேட்டதற்கு யாமினி சொன்னாள், “எரியிற வீட்டத்தான் சார் அணைச்சுக் காட்ட முடியும். கூரை விழுந்த வீட்டுல தண்ணி ஊத்தி என்னத்தக் காட்டுறது?” கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. அவள் மனதில் அன்றைக்கு நித்திலன் இல்லை, யாருமே இல்லை, ஒரு வரைபடம்தான் இருந்தது. ஆனால் அன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியபோது, பிள்ளை உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து தாழ்ப்பாளைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுக்க அவர் கூரையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாளே மொட்டை மாடியில் சுண்ணாம்பால் கோடு போட்டார். நேராகப் போட்டால் இருபத்தைந்து மீட்டர் கிடைக்கவில்லை, மூலைக்கு மூலை போட்டார், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி. தினமும் சாயங்காலம், இரண்டு மாதம். நித்திலனுக்கு அப்போது பத்து வயது. “ஜெயிச்சா என்னப்பா குடுப்ப?” என்றான். “மருந்து.” “மருந்தெல்லாம் ஒரு பரிசாப்பா? சைக்கிள் கேக்கலாம்னு இருந்தேன்.” முன்பாதத்தில் ஊன்றி, வயிற்றை முன்தள்ளி, தோணி ஆடுகிற மாதிரி அவன் போவதைக் கையில் ஸ்டாப் வாட்சோடு பார்த்துக்கொண்டு நிற்பார். இருநூற்று எழுபது, இருநூற்று எழுபத்தெட்டு, ஒரு நாள் இருநூற்றுத் தொண்ணூறு. தொண்ணூறு வந்த அன்று சுகந்தி கேசரி கிண்டினாள். பின்னால் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, இந்தப் பிள்ளைகளை அதிகமாக நடக்க வைத்தால் தசை கிழிந்துவிடும், கிழிந்தது வளராது சார் என்றாள். எத்தனை நாள் நடந்தால் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஒரு எண்ணைச் சொல்லியிருப்பாள். எண் என்றால் அது அவரை விட்டுப் போகாது. ஆஸ்பத்திரியில் முன்னோட்டமாக நடக்க வைத்தபோது பதினோரு முறை கூம்பைத் தொட்டுத் திரும்பி, மேலும் பதினோரு மீட்டர் போனதும் நர்ஸ் விசிலடித்தாள். நித்திலன் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று, தூரத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஜெயித்துவிட்டதாக நினைத்தான்.

அவர் ஒரு எல்லைக் கல்லைக்கூட நகர்த்தாதவர். இதை அவர் சொல்ல வேண்டியதில்லை, செங்கல்பட்டு, மதுராந்தகம் இரண்டு தாலுகாவிலும் சொல்வார்கள். அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிற நிலத்தில், கல்லை ஒரு முழம் தள்ளி நட்டால் கிணறு யார் பக்கம் விழும் என்கிற இடத்தில், மூட்டை மூட்டையாகப் பச்சரிசி வாசலில் வந்து இறங்கியதுண்டு. இறங்கியபடியே திரும்பிப் போகும். “மாசிலாமணி நட்ட கல்லு, யானை கட்டி இழுத்தாலும் வராது” என்று டீக்கடையில் பேசுவார்கள். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே கட்டடத்தில், இதோ இந்தக் கதவுக்குப் பின்னால் எழுந்து நின்று பேசினார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நோய் தெரியவருவதே தாமதமாகத்தான், முந்நூறு என்று கோடு போட்டால் பட்டணத்துப் பிள்ளைகள் மட்டும்தான் தேறுவார்கள், அறக்கட்டளையின் காசு எல்லாப் பிள்ளைகளுக்கும் சொந்தம், கோட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். எவ்வளவு என்று கேட்டார்கள். இருநூற்று எழுபத்தைந்து, கூம்புக்குக் கூம்பு பதினோரு நடை, எண்ணுவதற்கும் சுலபம் என்றார். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாமினி மட்டும் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். கீழே இறங்கினால் மருந்து வேலை செய்தாலும் தெரியாமல் போய்விடும் என்றாள். அறக்கட்டளை சம்மதிக்காமல் பரிசோதனை நகராது என்று ஒப்பந்தம். கூட்டம் முடிந்து லேத் பட்டறை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து கேட்டாள். “உங்க பையன் எவ்வளவு சார் நடந்தான்?” அவர் செருப்பு வாரைக் குனிந்து இழுத்துக்கொண்டே, “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா” என்றார். இருபத்தைந்து மீட்டர். யானை வேண்டியிருக்கவில்லை. ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மணி பதினொன்று, மருந்து நேரம். சுகந்தி. “வயிறு ஒரு மாதிரி இருக்குன்னு படுத்துறான். நீங்களே பேசுங்க.” பின்னால் டி.வி. சத்தம், பிறகு நித்திலனின் குரல், இந்த வருஷம்தான் உடைய ஆரம்பித்திருக்கிற குரல். “அப்பா, இன்னிக்குப் பதினேழு வேணாம்பா. காலைலேர்ந்து குமட்டுது.” மருந்தின் பெயர் வி.கே. பதினேழு, பரிசோதனையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் அது வெறும் பதினேழுதான். “மூக்கப் புடிச்சுக்கிட்டு ஒரே மடக்குடா.” “மடக்கெல்லாம் சரி. ஷூ பாலிஷ் வாசனை வருதுப்பா. நீதான் கம்பெனில பெரிய ஆளாச்சே, ஸ்ட்ராபெரி போடச் சொல்லு.” “சொல்றேன்.” “போன தடவையும் சொல்றேன்னுதான் சொன்ன.” “குடிச்சிருடா, கண்ணு. ஒரு வேளை விட்டா...” அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “சரி, குடிச்சுத் தொலைக்கிறேன். வரும்போது மாதுளம்பழம் வாங்கிட்டு வா.” ஊசியில்லாத சிரிஞ்சில் பன்னிரண்டு மில்லி சுகந்தி எடுப்பது அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவள் சொட்டுவிட மாட்டாள். பாட்டில் தீர்ந்ததும் வெந்நீர் விட்டு அலசி, அதையும் கொடுத்துவிட்டுத்தான் காலி பாட்டிலைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவாள். மாதம் நாலு பாட்டில், எண்ணி வரும். ஒன்று உடைந்தால் அடுத்த மாதம்தான். பிள்ளை வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கக் கூடாது, அடுத்த வேளைவரை பொறுத்திருக்க வேண்டும் என்று கம்பெனி கொடுத்த கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கும்; சுகந்தி அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறாள்.

நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு வருஷம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே நாற்றத்தில் வெறும் திரவம், யாருக்கு எது என்று ஒருவருக்கும் தெரியாது. போன வியாழக்கிழமை மத்தியானம், அச்சரப்பாக்கத்தில் ஒரு மாந்தோப்பில் டேப் பிடித்துக்கொண்டு நின்றபோது யாமினி போன் செய்தாள். மருந்து குடித்தவர்களும் குடிக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நடந்திருக்கிறார்கள், வித்தியாசம் ஆறு மீட்டர், அது கணக்கில் சேராது என்றாள். அவர் மாமரத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவள், “இன்னொண்ணு இருக்கு சார்” என்றாள். முந்நூறுக்கு மேலே நடந்த இருபத்தொன்பது பேரை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், மருந்து குடித்தவர்கள் முப்பத்தொரு மீட்டர் கூடுதலாக நடந்திருக்கிறார்கள். அந்த வயதில், அந்த நோயில், ஒரு வருஷத்துக்கு முப்பத்தொரு மீட்டர் என்றால் அது ஊர் கூட்டிச் சொல்ல வேண்டிய சேதி. கீழே இருந்த பத்தொன்பது பேரில் பதினோரு பேர் வருஷக் கடைசியில் நடக்கவே இல்லை. பூஜ்யம் மீட்டர். மருந்து குடித்தவனும் பூஜ்யம், குடிக்காதவனும் பூஜ்யம். அத்தனை பூஜ்யமும் சேர்ந்து முப்பத்தொன்றைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது, கிணற்றில் விழுந்தவன் காப்பாற்றப் போனவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிற மாதிரி. “நித்திலனுக்குக் கிடைச்சது எதும்மா?” என்று கேட்டார். மூடி வைத்திருந்ததெல்லாம் திறந்தாகிவிட்டது, இனி சொல்லலாம். “மருந்துதான் சார்” என்றாள். மாந்தோப்புக்காரர் தூரத்திலிருந்து, “என்ன சர்வேயர் சார், கல்லு நம்ம பக்கம் வருதா?” என்று கத்தினார். டேப்பின் மறுமுனை தோப்புக்காரர் கையில் இருந்தது. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணாச்சியிடம் அதை யாமினியே சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருக்கிறாள், அறிக்கையில் நாற்பதாம் பக்கத்தில் ஒரு அட்டவணையாக. ஆனால் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? தோற்றுப்போன கம்பெனிக்காரி, இந்தப் பிள்ளையைக் கழித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளையைக் கழித்துப் பாருங்கள், ஜெயித்துவிட்டேன் என்றால் அது எல்லாரும் சொல்கிற சாக்கு. “நீங்க சொன்னா நம்புவாங்க சார். கோட்டை இறக்கினதால கெட்டுப்போச்சு, முந்நூறுக்கு மேல இருக்கிற பிள்ளைங்கள வச்சு இன்னொரு தடவ பண்ணலாம்னு நீங்க சொன்னாப் போதும்.” சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அறக்கட்டளையில் மிச்சமிருப்பது அத்தனையும் மறுபரிசோதனைக்குப் போகும். குளிர்பெட்டியில் இருக்கிற மருந்தும் அந்தப் பிள்ளைகளுக்கே போகும், நித்திலனுக்கு மிஞ்சாது. அடுத்த கட்டத்துக்கென்று செய்து வைத்த பாட்டில்கள். சொல்லாவிட்டால், பரிசோதனையை மூடினால், மிஞ்சிய மருந்து சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கே தீரும்வரை என்பது விதி. பதினான்கு மாதத்துக்கு வரும். பிறகு யாருக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. அவர் மடியில் இருந்த பையில் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் இருந்தது. அவரே முத்து முத்தாக எழுதிப் பராமரிப்பது. பெயர், ஊர், வயது, கடைசியில் மீட்டர். திண்டிவனம், ஆறு வயது, நானூற்றிரண்டு. ஆரணி, ஐந்து வயது, முந்நூற்று எழுபது. நாற்பத்திரண்டு பெயர். எல்லாம் எரிகிற வீடுகள். அவர் வீட்டில் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பென்சில் கோடு இருக்கிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி நித்திலன் வலது கையை எவ்வளவு உயரம் தூக்குகிறான் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் குறிப்பார். நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஏழு மாதமாக அதே கோடு, மேலே போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. கால் போனது போகட்டும், கையை மருந்து பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி. தன் கையால் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிக்கிறானே. ஆனால் போன மூன்று வாரமாக அளப்பது விரல் நுனியிலிருந்தா, நகத்தின் நுனியிலிருந்தா? சனிக்கிழமை சுகந்தி நகவெட்டியை எடுத்தபோது, “நாளைக்கு வெட்டிக்கலாம், விடு” என்றது யார்? மூன்று சனிக்கிழமை. இதற்கு மேல் யோசிக்கக் கூடாது என்று நினைத்து எழுந்து நடந்தார். பதினெட்டுத் தப்படி. திரும்பினார். பதினெட்டு. குளிர்பெட்டி எந்த அறையில் என்று தெரியவில்லை, ஆனால் அதன் முனகல் லேத் சத்தத்துக்கு அடியில் ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருந்தது, தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாதிரி. அவர் அதை எண்ண ஆரம்பித்து, அதற்கு இடைவெளியே இல்லை என்று கண்டு விட்டுவிட்டார்.

கதவு திறந்து யாமினி வெளியே வந்தாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை, முன்தலையில் நரை. “அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுவாங்க சார்.” நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்துகொண்டாள், சரியாக ஆஸ்பத்திரியில் நித்திலன் சாய்ந்த மாதிரி. “நான் பேசி முடிச்சிட்டேன். அண்ணாச்சி ஒண்ணும் புரியலேங்கறார்.” “நீயே பளிச்சுன்னு சொல்லேம்மா” என்றார். அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. “சார், இன்னிக்கு மூடிட்டா இந்த மருந்த இனிமே எவனும் தொட மாட்டான். தோத்த மருந்துன்னு முத்திரை விழுந்துட்டா அவ்வளவுதான். அது தோக்கல சார். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்.” பிறகு குரல் தாழ்ந்து, “அன்னிக்கு உங்க பையன் எவ்வளவுன்னு கேட்டேன்ல. எனக்கு அப்பவே தெரியும். ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர் பார்த்துட்டுத்தான் கேட்டேன். தெரிஞ்சும் விட்டுட்டேன். உங்களோட சண்டை போட்டா கம்பெனி நின்னுடும்னு பயம். அதனால தப்பு உங்களோடது மட்டும்னு நான் சொல்ல மாட்டேன்.” அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நித்திலன் ஸ்ட்ராபெரி வாசனை போடச் சொன்னான் என்பது நாக்கு நுனிவரை வந்தது. வெட்கமாக இருந்தது. “சொல்லிடறேன்” என்றார். சொல்லிவிடப் போவதாகத்தான் அந்த நேரம் இருந்தது. நாற்பத்திரண்டு பெயரையும் அவர் தன் கையால் எழுதியவர், ஆரணிப் பிள்ளையின் தகப்பன் தறிக்காரன், மாதம் ஒருதடவை போன் செய்து, “நம்ம வரிசை நகந்துச்சாங்கய்யா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். கதவுக்கும் நாற்காலிக்கும் நாலு தப்படி.

உள்ளே நீள மேஜை, எட்டு டீ, ஆடை படிந்துவிட்டிருந்தது. அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில், வலது பக்கம் மற்ற இரண்டு அறங்காவலர்கள், எதிரே யாமினியும் கம்பெனிக்காரர்கள் மூவரும். “வாரும் சர்வேயரே, இங்கன உக்காரும்” என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார் அண்ணாச்சி. “டாக்டரம்மா ஒரு மணி நேரமாச் சொல்லுதாங்க. ராக்கெட்டு விடுதவன்கூட இம்புட்டுக் கணக்குப் போட மாட்டான். எனக்கு உப்பு நிறுக்கத் தெரியும், அம்புட்டுதான். நான் ஒரே ஒரு கேள்வி கேக்கேன், நீரு பதில் சொல்லும், நீரு சொன்னா அதோட முடிஞ்சு.” கையை மாசிலாமணியின் முழங்கையில் வைத்தார். சூடான, சொரசொரப்பான கை. “மருந்து தோத்துச்சா, இல்ல நாம எங்கயும் தோத்துட்டமா?” லேத் நின்றிருந்தது, கீழே யாரோ துண்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அமைதியில் குளிர்பெட்டி தெளிவாகக் கேட்டது. பதினான்கு மாதம். பதினான்கு மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று மனம் தன்னால் பெருக்கத் தொடங்கியது, அறுபது, ஒன்று கூடலாம். அறுபது தடவை அந்தக் கை அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நகத்தோடாவது, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற கை. யாமினி அவரைப் பார்க்கவில்லை. டீயின் ஆடையை ஒரு பேனா முனையால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“மருந்துதான் அண்ணாச்சி” என்றார் மாசிலாமணி.

பேனா ஒரு கணம் நின்றது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகத்தில் எதிர்பாராத ஒரு தளர்ச்சி, சுமை இறக்கியவனுடையது. “அப்பம், ஆல்வின் காலத்துல இது இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, என்ன?” என்று கேட்டார். “ஆயிருக்காது” என்று அவரே சொல்லிக்கொண்டார். “அதும் ஒரு நிம்மதிதான் வே. இத்தன வருஷமா அவன் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதான்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்.” முழங்கையை இரண்டு தடவை தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தீர்மானம் ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருந்தது: பரிசோதனை முடித்துக்கொள்ளப்படுகிறது, மீதமுள்ள மருந்து, சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு, தீரும்வரை. காகிதம் சுற்றி வந்தது. மாசிலாமணி தன் பெயருக்கு நேரே, நில அளவைப் புலப்படங்களில் போடுகிற அதே முழுக் கையெழுத்தைப் போட்டார். யாமினி கடைசியாகப் போட்டுவிட்டு, பேனா முனையில் ஒட்டியிருந்த டீ ஆடையைச் சேலைத் தலைப்பில் துடைத்து மூடியைத் திருகினாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தது போல அவர் எழாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியே நடைவழியில் காவலாளி இல்லை. நாலைந்து தப்படி போனபின்தான் எண்ணவில்லை என்பது தெரிந்தது. எங்கேயிருந்து தொடங்குவது என்று ஒரு நிமிஷம் நின்றார். கீழே லேத் மறுபடி சீவத் தொடங்கியது. போன் அதிர்ந்தது. சுகந்தி எழுதியிருந்தாள்: “குடிச்ச உடனே முழுசும் வாந்தி எடுத்துட்டான். திரும்பக் குடுக்கலாமா? புக்ல கூடாதுன்னு போட்டிருக்கு.” அவர் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

“குடு. நிறைய இருக்கு.”